ஓட்டை எத்தனை மி.மீ. என்பது இருக்கட்டும், எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா?

கேள்வி (ஒரு வாசகர்)
2024 ஜூன் 8, காலை 9.15

என் மகனுக்கு நாலு வயது. எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத்தில் ஓட்டை, ஏஎஸ்டி 15 மி.மீ. என்று வந்திருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக டிவைஸ் வைத்து அடைத்துவிடலாம், மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். மாமனார் வீட்டில், "வளர வளரத் தானா மூடிக்கும், இரும்பைக் கொண்டுபோய் நெஞ்சுக்குள்ள வைப்பாங்களா" என்று சண்டை. டிவைஸ் எல்லாம் வியாபாரம் என்றுதான் எனக்கும் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜூன் 8, இரவு 10.50

வியாபாரம் இல்லை. எங்கள் மகளுக்கு 2019 பிப்ரவரியில் வைத்தது. அப்போது ஐந்து வயது, பதினேழு கிலோ. இதே ஏஎஸ்டிதான், இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. சாதாரண எக்கோவில் 14 மி.மீ., மயக்கம் கொடுத்து வாய் வழியாக விட்டுப் பார்த்த எக்கோவில் 16. வைத்தது 18 நம்பர். திங்கள் சேர்த்தோம், செவ்வாய் வைத்தார்கள், புதன் மத்தியானம் கோவையிலிருந்து பஸ் ஏறிச் சென்னிமலை வந்துவிட்டோம். தொடை இடுக்கில் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். பார்க்க வந்த என் அம்மா பேத்தியின் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஆபரேசன்னு சொன்னீங்க, தையலையே காணோம், ஏமாத்திப்புட்டாங்களா?" என்றார். இப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடுகிறாள்.

யோசிக்காமல் வைத்துவிடுங்கள். நெஞ்சைக் கிழிக்காமல் ஆகிற காரியத்துக்கு எதற்கு இத்தனை யோசனை?

2024 ஜூன் 9, காலை 5.40

தறிக்குப் போகும் முன் ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இதே வாயால் ஒருமுறை பட்டிருக்கிறேன், அதை அப்புறம் எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்று மட்டும். ரிப்போர்ட்டில் "15 மி.மீ."க்கு முன்னால் என்ன வார்த்தை இருக்கிறது? செகண்டமா, பிரைமமா, சைனஸ் வீனோசஸா?

2024 ஜூன் 9, இரவு 9.30

"என்ன வார்த்தையாக இருந்தால் என்ன, ஓட்டை ஓட்டைதானே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் நெசவுக்காரன், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

போர்வையின் நடுவில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது என்று வையுங்கள். சுற்றிலும் துணி இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, நடுவில் ஒரு இடுப்பு என்று பெரிய பட்டன் மாதிரி ஒன்றைச் செருகினால் அது துணியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இதுதான் செகண்டம். ஓட்டை கரையில் விழுந்திருந்தால்? ஒரு பக்கம் பிடிப்பதற்குத் துணியே கிடையாது. பட்டன் எதைக் கவ்வும்? கரையில் ஓட்டை என்றால் ஒட்டுத் துணி வைத்துத் தைத்தாக வேண்டும். கீழ்க்கரையில், வால்வுகளை ஒட்டி இருந்தால் பிரைமம். மேல்பக்கம், உடம்பின் மேல்பாதியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய் வந்து சேரும் இடத்தில் இருந்தால் அது பெரும்பாலும் சைனஸ் வீனோசஸ். இவை இரண்டும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சைதான்.

நடு ஓட்டையிலும் சுற்றியிருக்கும் துணி எத்தனை மி.மீ. என்று பார்ப்பார்கள். ரிம் என்பார்கள். பொதுவாக 5 மி.மீ.யாவது வேண்டும். ஆகவே 15 என்பதை வைத்துக்கொண்டு நானோ நீங்களோ மாமனாரோ ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

2024 ஜூன் 10, இரவு 11.05

மாமனார் வீட்டாரை ரொம்பக் கிண்டல் செய்கிறார்கள் இங்கே. அவர்கள் சொல்வது முழுப்பொய் இல்லை. சின்ன ஓட்டை, 5 மி.மீ.க்குக் கீழே இருப்பவை, முதல் சில வருடங்களில் நிறையத் தானாக மூடிக்கொள்கின்றன. அதனால்தான் அவசரமில்லாத குழந்தைகளுக்கு மூன்று, நாலு வயது வரை காத்திருக்கிறார்கள். நாலு வயதில் 15 இருந்தால் அது மூடுவதற்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

நாங்கள் அப்படித்தான் இரண்டு வருடம் காத்திருந்தோம். அங்கன்வாடிக்கு வேனில் வரும் மருத்துவக் குழு அவள் நெஞ்சில் ஸ்டெத் வைத்துவிட்டு "சத்தம் கேக்குது, எக்கோ எடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தது. அப்போது மூன்று வயது. பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பார்த்தவுடன் "தானா மூடிரும், போங்க" என்றார். எக்கோ எடுக்கச் சொல்லவில்லை. எங்களுக்கும் அந்தப் பதில்தான் பிடித்திருந்தது. பிடித்த பதில் கிடைத்தால் அடுத்த டாக்டரிடம் யார் போவார்கள்?

இந்த நோயில் குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஓடும், சாப்பிடும், சிரிக்கும். அடிக்கடி சளி, எடை மட்டும் ஏறாது. "எங்க வம்சமே ஒல்லிதான்" என்று சொல்லிக்கொள்வோம். உள்ளே இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், வலது பக்கம் ஊதிக்கொண்டே போகும். தொந்தரவெல்லாம் முப்பது, நாற்பது வயதில், துடிப்பு தாறுமாறாகிறபோதும் பெண்களுக்குப் பிரசவத்தின்போதும் தெரியவரும். சிலருக்கு நுரையீரல் குழாய்கள் இறுகி, ரத்தம் ஓட்டை வழியாக எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அந்த நிலைக்குப் போய்விட்டால் ஓட்டையை மூடவே கூடாது. ஏஎஸ்டியில் இது சிலருக்குத்தான். பெரிய விஎஸ்டி (கீழ் அறைகளின் நடுச்சுவரில் ஓட்டை), பிடிஏ (பிறந்ததும் மூட வேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் நிற்பது) என்றால் சீக்கிரமே வந்துவிடும்.

2024 ஜூன் 11, காலை 6.10

நேற்று "ஓட்டையின் சத்தம்" என்று ஒருவர் எழுதியிருந்தார், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஓட்டையின் சத்தம் இல்லையாம். ஏஎஸ்டியில் ஓட்டை சத்தமில்லாமல்தான் கசியும். வலது பக்கம் சேர்ந்துவிட்ட கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குப் போகும் வால்வில் நெருக்கியடித்துக்கொண்டு போகிற சத்தம்தான் ஸ்டெத்தில் கேட்பது. அங்கன்வாடி இரைச்சலில் அதைப் பிடித்த அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை நாங்கள்.

2024 ஜூன் 12, இரவு 10.20

"இரும்பு" விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

அது இரும்பு இல்லை, நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. பேரின் கடைசிப் பாதி அதைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கடற்படை ஆயுத ஆய்வகத்தின் முதலெழுத்துகள். என்ன மாதிரி இழுத்தாலும் மடக்கினாலும் விட்டவுடன் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். டாக்டர் ஒரு மாதிரி டிவைஸைக் கையில் கொடுத்தார். எல்லோரும் பயத்தோடு வாங்கிப் பார்ப்பார்கள் போல, நான் வாங்கியவுடன் பின்னலைத்தான் எண்ண ஆரம்பித்தேன். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான கம்பி. பாவு ஊடை கிடையாது, குழாயாகப் பின்னியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் அடுப்புத் திரி தெரியுமா? நீளவாக்கில் இழுத்தால் ஒல்லியாகும், விட்டால் உப்பும். அதே தத்துவம். இழுத்து ஒல்லியாக்கிக் குழாய்க்குள் அனுப்புகிறார்கள், வெளியே வந்ததும் தட்டாக விரிகிறது. இரண்டு தட்டுக்குள்ளும் பாலியஸ்டர் துணி தைத்து வைத்திருக்கிறார்கள். "சார், இது துணிங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க, ரத்தம் அதுல படிஞ்சுதான் முதல்ல அடைபடும்" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் பாதி போய்விட்டது. நம்ம சரக்கு.

18 நம்பர் என்பது நடு இடுப்பின் அளவு மட்டும். இடது பக்கத் தட்டு 32 மி.மீ., வலது 28. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.தான். ஐந்து வயதுக் குழந்தைக்குள் அதைவிடப் பெரிய தட்டு! அதைச் சொன்னபோது என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்று. பொலிவியாவில் லா பாஸ் நகரத்தில் பிரான்ஸ் ஃப்ராய்டென்தால் என்று ஒரு குழந்தை இதய மருத்துவர். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் பிறந்தவுடன் மூட வேண்டிய பிடிஏ குழாய் அங்கே நிறையக் குழந்தைகளுக்கு மூடாமல் நின்றுவிடுகிறது. அவர் வடிவமைத்த அடைப்பானை இயந்திரம் செய்வதில்லை. பரம்பரையாகக் கம்பளி பின்னும் ஐமாரா இனப் பெண்கள் நிட்டினால் கம்பியைக் கையாலேயே பின்னுகிறார்கள். இதைப் படித்த அன்று எங்கள் சொசைட்டியில் எல்லோருக்கும் சொன்னேன். "அவங்களுக்குக் கூலி எவ்வளவாம்?" என்று ஒருவர் கேட்டார். நெசவாளி கேட்கிற கேள்வி அதுதான்.

2024 ஜூன் 12, இரவு 11.40

"டிவைஸ் பெரிதாகுமா, குழந்தை வளர்ந்தால் மாற்ற வேண்டுமா?" வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்தில் அதன்மேல் இதயத்தின் சொந்தத் தோல் படர்ந்து மூடிவிடும். சுவர் அதைச் சுற்றி வளரும். எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிவைஸ் கார்டைக் காட்டிவிட்டு. விமான நிலையத்தில் கத்தாது. நாங்கள் இன்னும் விமானம் ஏறவில்லை, ஈரோடு ஜங்ஷனில் கத்தவில்லை.

2024 ஜூன் 14, இரவு 9.50

ஒரு திருத்தம். 1990களில்தான் இதெல்லாம் தொடங்கியது என்று யாரோ எழுத நானும் ஆமோதித்துவிட்டேன். தவறு. பிடிஏவை அறுவை இல்லாமல் அடைத்தது 1967-லேயே, பெர்லினில் வெர்னர் போர்ஸ்ட்மான். ஏஎஸ்டியை 1975-ல் அமெரிக்காவில் டெரி கிங், நோயல் மில்ஸ் என்ற இருவர், பதினேழு வயதுப் பெண்ணுக்கு, இரட்டைக் குடை மாதிரி ஒன்றை வைத்து அடைத்தார்கள். அதை அனுப்பிய குழாய் ரொம்பத் தடிமன், சின்னக் குழந்தைகளுக்கு உள்ளே போகாது. 1990களில் மினசோட்டாவின் கர்ட் ஆம்ப்ளாட்ஸ் நிட்டினால் பின்னலைக் கொண்டுவந்த பிறகுதான் மெல்லிய குழாய்க்குள் அடங்கியது. அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது 2001 டிசம்பரில்.

இதற்கெல்லாம் முன்னால் 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கையிலேயே குழாயைச் செருகி இதயம் வரை தள்ளிவிட்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோனார். தடுக்கப் பார்த்த நர்ஸை "உனக்குத்தான் செய்யப்போகிறேன்" என்று மேசையில் கட்டிவிட்டுத் தனக்குச் செய்துகொண்டதாகக் கதை. வேலை போயிற்று, 1956-ல் நோபல் வந்தது. இந்த ஆள் என் மச்சானாக இருந்திருந்தால் நானும் வீட்டில் சேர்த்திருக்க மாட்டேன்.

2024 ஜூன் 16, மாலை 4.00

ஞாயிறு, கரண்ட் இல்லை. டிவைஸ் வைத்த நாளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

முந்தின ராத்திரிக்கு மேல் பால், சோறு கூடாது. விடிகாலை வரை தண்ணீர் மட்டும். எங்கள் முறை பத்தரைக்கு வந்தது. ஒன்பது மணிக்கு அவள் "அப்பா, ஒரே ஒரு பிஸ்கட், டாக்டருக்குத் தெரியாம" என்று காதில் சொன்னாள். அதைத் தாங்குவதுதான் அன்றைய தினத்தின் பெரிய ஆபரேஷன்.

கேத் லேப் (குழாய் விட்டு டிவைஸ் வைக்கும் அறை) கதவு வரை தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர். கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஒன்றே கால் மணி நேரம். உள்ளே நடந்ததை டாக்டர் பிறகு படத்தோடு சொன்னார். தொடை இடுக்கில் ஊசி போட்டு ரத்தக்குழாயைப் பிடித்து, மெல்லிய கம்பியை ஓட்டை வழியாக இடது பக்கம் தாண்டவிட்டு, அதன்மேல் குழாயை ஏற்றி, முதலில் இடது பக்கத் தட்டை விரிக்கிறார்கள். பின்னால் இழுத்துச் சுவரில் அணைத்து, வலது பக்கத் தட்டை விரிக்கிறார்கள். பிறகு கேபிளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார்கள், நிற்கிறதா, நழுவுகிறதா என்று. மினசோட்டா ஆட்டம் என்று அதற்கே ஒரு பேர் இருக்கிறது. இத்தனை நேரமும் டிவைஸ் கேபிளில் திருகியேதான் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் திரும்பக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு முதல் தடவை தட்டு குறுக்கே சாய்ந்து வலது பக்கம் வந்துவிட்டதாம், இழுத்து மறுபடி வைத்தார்களாம். திருப்தியான பிறகுதான் எதிர்ப்பக்கமாகத் திருகிக் கேபிளைக் கழற்றுவது. கழற்றிவிட்டால் கழற்றியதுதான்.

வெளியே வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, வாய் வழியாக விட்ட எக்கோ குழாயால். அதன் பிறகு வலது காலை மடக்காமல் ஆறு மணி நேரம். மயக்கம் தெளிந்த ஐந்து வயதுப் பிள்ளையை ஆறு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று எந்த டாக்டரும் சொல்லித் தருவதில்லை. என் மனைவி அவள் கால் கட்டை விரலில் பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து, "பாப்பா தூங்குது, கால ஆட்டினா எந்திரிச்சு அழும்" என்றாள். நாலு மணி நேரம் அது வேலை செய்தது. மீதி இரண்டு மணி நேரம் என் போன்.

2024 ஜூன் 17, இரவு 10.30

அப்புறம் எழுதுகிறேன் என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். ஒருவர் மறக்காமல் கேட்டுவிட்டார்.

எங்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஆறு வயதுப் பையன், தாராபுரம் பக்கம். அவனுக்கும் ஏஎஸ்டி, அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். புதன் காலை, கிளம்பும் சந்தோஷத்தில் நான் இருந்தபோது அந்தப் பையனின் அம்மா, "உங்க பாப்பாவுக்கு மட்டும் எப்படிங்ணா தையலே இல்லாம?" என்று கேட்டார். "இப்பெல்லாம் யாருங்க நெஞ்சக் கிழிக்கறாங்க? எதுக்கு ஒத்துக்கிட்டீங்க, வேற ஆஸ்பத்திரி பாருங்க" என்றேன். பெரிய இவன் மாதிரி. அவர்கள் அன்றே பெயர் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆறாவது மாத எக்கோவுக்குப் போனபோது ஓபியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மூன்று ஊர் ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: சைனஸ் வீனோசஸ், டிவைஸ் வைக்க முடியாது. அதோடு வலது நுரையீரலிலிருந்து வரும் ஒரு குழாய் இடது அறைக்குப் போகாமல் தப்பான இடத்தில் சேர்ந்திருந்தது, அதையும் திருப்பிவிட வேண்டும். எந்த டிவைஸ் குழாயைத் திருப்பும்? அலைந்ததில் ஐந்து மாதம், நடுவில் நிமோனியாவில் ஒருவாரம் படுக்கை, வட்டிக்கு வாங்கிய பணம். கடைசியில் இதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து அதே டாக்டரிடம் ஆபரேஷன். பையன் நெஞ்சில் நேர்கோடாக ஒரு தழும்பு, நன்றாக இருந்தான். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. "பாப்பா நல்லா இருக்காளுங்களா?" என்று கேட்டுவிட்டு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

அதனால்தான் முதல் நாள் எழுதியதை அடித்தேன். தையல் இல்லாதது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அவளுக்கு ஓட்டை துணியின் நடுவில் விழுந்தது.

2024 ஜூன் 18, காலை 6.00

சைனஸ் வீனோசஸையும் இப்போது உறை போர்த்திய ஸ்டென்ட் (கம்பிவலைக் குழாய்) வைத்துச் செய்கிறார்கள் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். பெரும்பாலும் பெரியவர்களுக்கு, அதுவும் தேர்ந்தெடுத்த சிலருக்கு. ஆறு வயதுப் பையனுக்கு இல்லை.

2024 ஜூன் 20, இரவு 9.15

மனைவி இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டு தப்பு கண்டுபிடித்தாள். ஒன்று, கட்டை விரலில் வரைந்தது பேனாவால் இல்லை, அவள் கண்மையால். இரண்டு, வேறொரு பதிலில் ஆஸ்பிரின் ஒரு வருடம் என்று எழுதியிருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்காட்டினாள்: ஆறு மாதம். தோல் படரும்வரை டிவைஸ்மேல் ரத்தக்கட்டி உறையாமல் இருக்க. ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு அம்மை போட்டால், "அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது" என்று பேசாமல் வேப்பிலை கட்டிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள். ஆஸ்பிரினும் அம்மையும் சேர்ந்தால் ஈரலுக்கும் மூளைக்கும் ஆபத்து.

ஆறு மாதம் என்றதும் எங்கள் வீட்டில் வேறு சண்டை வந்தது. ஏப்ரலில் குலதெய்வம் கோவிலில் மொட்டை, காதுகுத்து என்று பத்திரிகை வரை பேசி வைத்திருந்தோம். மொட்டைக்குத் தடையில்லை, காது குத்துவது கூடாது என்றார் டாக்டர். காதுப் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து டிவைஸில் போய் உட்கார்ந்தால் பெரிய வம்பு. சொத்தைப் பல் இரண்டையும் அதனால்தான் முன்கூட்டியே சரிசெய்யச் சொல்லியிருந்தார்கள். தாய்மாமன் தோடு வாங்கிவைத்துக்கொண்டு முறைத்தார். அக்டோபரில் குத்தினோம். பத்து மாதம் கழித்து அவரும் பேச ஆரம்பித்தார்.

தோடு என்றதும் நினைவு வருகிறது. உங்களிடமும் கேட்பார்கள்: குழந்தைக்குக் கவரிங் நகை, உலோகப் பட்டன் பட்டால் தோல் அரிக்கிறதா? நிக்கல் ஒவ்வாமைக்காக. அரித்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

2024 ஜூன் 22, இரவு 10.00

விஎஸ்டி, பிடிஏ பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு, தெரிந்த அளவு.

பிடிஏ ஓட்டையே இல்லை, குழாய். வயிற்றுக்குள் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் உண்டு, பிறந்து சில நாளில் சுருங்கி மூடிவிடும். மூடாவிட்டால் கேத்தட்டரில் (மெல்லிய குழாய் விட்டு) அடைப்பதற்கு ரொம்பத் தோதானது இதுதான். குறைமாதக் குழந்தைகளுக்கும் வந்துவிட்டது: 700 கிராம் எடையிலிருந்து வைக்கக்கூடிய பட்டாணி அளவு டிவைஸுக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நீங்கள் காய்கறிக் கடையில் 700 கிராம் நிறுத்துப் பாருங்கள், அப்போதுதான் புரியும்.

விஎஸ்டி கீழ் அறைகளின் சுவர். தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் நிறையத் தானாக மூடும், அங்கே உங்கள் மாமனார் கட்சி ஜெயிக்கும். வால்வுக்கு அருகில் இருப்பவற்றில்தான் சிக்கல். இதயத்தின் கரண்ட் லைன் அந்த ஓரமாகத்தான் போகிறது. டிவைஸ் அதை அழுத்தினால் துடிப்பு தடைபட்டுப் பேஸ்மேக்கர் வரைக்கும் போகலாம். நுரையீரல் வால்வுக்கு நேர் கீழே இருப்பவை வேறு வகை, பக்கத்து வால்வின் இதழை ஓட்டைக்குள் இழுத்துவிடும். அவற்றுக்குப் பொதுவாக அறுவைதான். ஏஎஸ்டியில் எங்கள் அனுபவத்தை வைத்து விஎஸ்டிக்கு யாரும் முடிவு செய்ய வேண்டாம். நான் ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

2024 ஜூன் 22, இரவு 10.25

பணம். எங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆனது. அப்போது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், 2022-ல் அதை 1,20,000 ஆக்கினார்கள். விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, கலெக்டர் ஆபீஸில் போட்டோ. ஒருநாள் தறிக் கூலி போகும், போகட்டும். அட்மிஷனுக்கு முன் அப்ரூவல் வந்துவிட்டதா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் நீங்களே போய்க் கேளுங்கள். போனில் சொல்வதை நம்ப வேண்டாம்.

2024 ஜூன் 29, இரவு 8.45

கேள்வி கேட்டவர் ரிப்போர்ட் போட்டிருக்கிறார். செகண்டம். ஆனால் பெருந்தமனிப் பக்கத்து ரிம் 3 மி.மீ.தான், மற்ற பக்கம் எல்லாம் 7-க்கு மேல். "5-க்குக் குறைவு என்றால் முடியாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று கேட்கிறார்.

நான் சொன்னது முரட்டுக் கணக்கு. அந்த ஒரு பக்கம் மட்டும் குறைவாக இருப்பது நிறையப் பேருக்கு உண்டு, மற்ற பக்கங்கள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் வைக்கிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பக்கம் துணி இல்லாதபோது தட்டின் விளிம்பு தமனிச் சுவரில் உரசலாம். ரொம்ப அபூர்வமாக, ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பேருக்கு, அது சுவரை அரிப்பதுண்டு. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது: வைத்தபிறகு திடீரென்று நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், மயக்கம் வந்தால், வருடக்கணக்கு ஆகியிருந்தாலும், கேஸ் என்று சோடா குடிக்காமல் நேரே எக்கோ. டிவைஸ் நழுவிப்போவதும் உண்டு, நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. கொக்கி போட்டு எடுப்பார்கள், முடியாவிட்டால் ஆபரேஷன். இதை எங்கள் டாக்டர் கையெழுத்து வாங்கும் முன்பே சொன்னார். உங்கள் டாக்டர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். அறுவை சிகிச்சை டாக்டர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

2024 ஜூலை 19, இரவு 9.40

அவருக்குத் தேதி கிடைத்திருக்கிறது, வரும் செவ்வாய். வாய் வழி எக்கோ பார்த்துவிட்டு, பிடித்தால் டிவைஸ், இல்லாவிட்டால் அந்த வாரத்திலேயே ஆபரேஷன் என்று இரண்டுக்கும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். நல்ல ஆஸ்பத்திரி. மாமனாரும் கூட வருகிறாராம்.

பழைய எக்கோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிவைஸ் கார்டு கொடுத்தால் ஜெராக்ஸ் நாலு போட்டு ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள் (எங்களுடையது ரேஷன் கார்டு உறைக்குள் ஒளிந்து மூன்று வருடம் காணாமல் போயிருந்தது). போனில் முழு சார்ஜ். கட்டை விரலுக்குக் கண்மை.